பாட்டில் வராத வருஷம்

ஹார்லன் ஃபோர்க்,
செப்டம்பர் 8

அன்புள்ள தம்பி லைல்,

நான் சுகமாக இருக்கிறேன். படியேறும்போது முட்டி மட்டும் முனகுகிறது. உன் ரத்த அழுத்தம் அடங்கியதா, இல்லை இன்னும் காலையில் பன்றிக்கறிப் பேக்கனை அமுக்கிக்கொண்டிருக்கிறாயா? டெசாவுக்கு வாந்தி நின்றதா? தாத்தா ஆகப்போகிறவன் கொஞ்சம் பொறுப்பாக இரு.

இந்தக் காலத்தில் தபாலா என்று சிரிக்காதே. அரசுப் பல்கலைக்கழகத்தில் வாத்தியார் எழுதும் மின்னஞ்சலை யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு வாங்கிப் படிக்கலாம். எங்கள் ஆள் ஒருவர் தன் மனைவிக்கு "வரும்போது பால் வாங்கிட்டு வா" என்று எழுதியதுவரை உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் கைக்குப் போய்விட்டது. கைப்பேசியையும் கேட்பார்கள் என்று பேச்சு. அதனால் மறுபடி ஸ்டாம்ப் ஒட்ட ஆரம்பித்திருக்கிறேன்.

விஷயம் என் பாடம்தான். 'நம் மாவட்டத்தின் தண்ணீர்' என்ற அந்தப் பாடத்தைக் கட்டாயப் பாடங்களில் சேர்க்க நான் எத்தனை கமிட்டிகளில் தொண்டை வறளப் பேசினேன் என்று உனக்குத் தெரியும். சேர்த்த பிறகு செவிலியர் படிப்புப் பிள்ளை, கணக்குப் படிக்கும் பிள்ளை எல்லாரும் வந்தே தீர வேண்டியிருக்கிறது. முதல் வாரமே ஆளுக்கு ஒரு பாட்டில் கொடுத்து, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்வேன். சோதனைப் பட்டையை முக்கினால், உரத்திலிருந்தும் சாணத்திலிருந்தும் இறங்கிய நைட்ரேட் இருக்கிற அளவுக்கு ரோஸ் நிறம் ஏறும். கிராமத்துக் கிணற்றைக் காசில்லாமல் சோதிக்க இந்த மாநிலத்தில் வேறு நாதி கிடையாது.

கெஸ்லர் வீட்டுப் பெண்ணை நினைவிருக்கிறதா? அவள் பட்டை கருஞ்சிவப்பாகிவிட்டது. "என் தம்பிப் பாப்பாவுக்கு நகமெல்லாம் நீலமா இருக்கு மிஸ், அம்மா குளிருன்னு சொல்றாங்க. தண்ணிய நல்லா கொதிக்க வெச்சுதான் பால் கரைக்கிறோம்" என்றாள். பச்சைக் குழந்தைக்கு நைட்ரேட் ஏறினால் ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலமாகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கெட்டியாகும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் அந்தக் குழந்தை பிழைத்தது.

இப்போது புதுச் சட்டம் வந்திருக்கிறது. கட்டாயப் பாடம் ஒவ்வொன்றையும் நீ வேலை பார்க்கும் பல்கலைக்கழக ஆட்சிக்குழு அலுவலகம் தலைநகரில் உட்கார்ந்து பரிசீலிக்குமாம். நீ கட்டடப் பிரிவில் இருந்தாலும் காதில் ஏதாவது விழுமே. என்ன செய்யலாம் சொல்.

உன் அக்கா,
மார்வா


தலைநகர்,
செப்டம்பர் 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. பேக்கனை விட்டுவிட்டேன், சத்தியமாக. ஞாயிற்றுக்கிழமை கணக்கில் வராது. முட்டிக்கு ஐஸ் ஒத்தடம் கொடு.

டெசா நன்றாக இருக்கிறாள். மார்ச் கடைசியில் தேதி சொல்லியிருக்கிறார்கள். அவள் புருஷனுக்கு உங்கள் பக்கத்துக் காற்றாலையில் வேலை கிடைத்துவிட்டது. வருஷம் பிறந்ததும் இருவரும் நம் பழைய வீட்டுக்கே குடிவருகிறார்கள். அம்மா வைத்த பீக்கன் கொட்டை மரத்தடியில் பேரன் தவழப்போகிறான், நினைத்துப் பார்!

பாட விஷயத்தில் பதறாதே. பெயரில்தான் பாதி வம்பு. 'புவியியல் அறிமுகம்' என்று மாற்றிவிடு. பாடத்திட்டத்தை எனக்கு ஒரு பிரதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். இங்கே பெரிதாக ஒன்றும் காதில் விழவில்லை. ஆகஸ்டில் என்னை வேறு அறைக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். ஜன்னல் பக்கம். நல்ல வெளிச்சம்.

அன்புடன்,
லைல்


ஹார்லன் ஃபோர்க்,
அக்டோபர் 6

அன்புள்ள லைல்,

சுகம். ஐஸ் ஒத்தடம் பலித்தது. டெசா இங்கே வருகிறாள் என்றதும் சமையலறையில் தனியாக நின்று ஆடினேன். முட்டி அப்புறம் பழிவாங்கியது.

பெயரை மாற்றிவிட்டேன். மனசுக்குக் கசக்கிறது, பரவாயில்லை. பாடத்திட்டம் இத்துடன் இருக்கிறது.

ஒரு விஷயம். நம் வீட்டில் வாடகைக்கு இருந்த பையன் போன வருஷம் கொண்டுவந்த பாட்டிலில் பட்டை லேசாக ரோஸ் காட்டியது. ஆபத்து இல்லை. ஆனால் அதற்கு முந்தின வருஷம் அதுகூட இல்லை. மேட்டிலிருக்கும் ஸ்டோவாலின் மாட்டுப் பண்ணை வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகிறது, சாணக் குட்டை நம் சாலையைப் பார்த்துத்தான் சரிந்திருக்கிறது. ஜனவரி வகுப்பில் அந்தச் சாலைப் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள். குழந்தை வருவதற்குள் நம் கிணற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன்.

அந்த ஸ்டோவால் இப்போது உங்கள் ஆட்சிக்குழுவில் உறுப்பினர் அல்லவா? போன வாரம் கல்லூரிக்கு வந்திருந்தார். என் வகுப்பு வாசலில் நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, வெகு மரியாதையாகத்தான் பேசினார். "எந்தெந்த வீட்டுப் பிள்ளைங்க பாட்டில் கொண்டாருதுங்க டீச்சர்?"

"எல்லா வீட்டுப் பிள்ளைங்களும்தான் சார். கட்டாயப் பாடமாச்சே."

"ஆமா, கட்டாயம்" என்றார். "அதாம்மா இப்ப பிரச்சினையே." சிரித்தார். போன பிறகும் அந்தச் சிரிப்பு வராந்தாவில் நின்றுகொண்டிருந்தது போல எனக்குத் தோன்றியது.

பதில் போடு.

மார்வா


தலைநகர்,
நவம்பர் 5

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இங்கே வேலை தலைக்குமேல். உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியில்லை. நீ நலமா?

உன் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். அழகாக எழுதியிருக்கிறாய், எப்போதும் போல. ஆனால் நான் யோசித்துப் பார்த்ததில் ஒரே வழிதான் தெரிகிறது. நீயாகவே அதைக் கட்டாயப் பாடத்திலிருந்து விலக்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடு. சட்டம் கட்டாயப் பாடங்களை மட்டும்தான் கிளறச் சொல்கிறது. விருப்பப் பாடங்களை எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். பாடம் உன்னிடமே இருக்கும், பாட்டில் இருக்கும், பட்டை இருக்கும். வெயிலில் நிற்காதே அக்கா, நிழலுக்கு வந்துவிடு.

டிசம்பர் முதல் தேதிக்குள் கொடுப்பது நல்லது. ஏன் என்று கேட்காதே.

கிணற்றைப் பற்றிக் கவலைப்படாதே. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
லைல்


ஹார்லன் ஃபோர்க்,
நவம்பர் 14

அன்புள்ள லைல்,

தூக்கம் வராவிட்டால் பால் குடி, செய்தி பார்க்காதே. நான் சுகம்தான், கோபத்தைத் தவிர.

உனக்கு இது புரியவில்லையடா. என் வகுப்புக்கு எவனும் தண்ணீர் மேல் ஆசைப்பட்டு வருவதில்லை. பட்டம் வேண்டுமென்றால் வந்தாக வேண்டும், அதனால் வருகிறார்கள். பின் வரிசையில் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு தூங்குகிறவன் வீட்டுக் கிணறுதான் கெட்டிருக்கும். கட்டாயம் இல்லையென்றால் அவன் பாட்டில் கொண்டுவரமாட்டான்.

இதைத் துறைத்தலைவர் பெவர்லியிடம் சொன்னேன். "மார்வா, எனக்கு இன்னும் ரெண்டு வருஷத்துல ஓய்வு. என்னைய எதுலயும் இழுத்துவிடாத" என்றாள். நல்லவள்தான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

மூன்று நாள் யோசித்தேன். கடைசியில், என் தம்பி சொன்னால் அதில் ஏதாவது இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். நிராகரிக்கப்பட்ட பாடம் என்று முத்திரை குத்தி அடியோடு எடுப்பதற்கு, நிழலே மேல். உன்னை நம்பித்தான் செய்திருக்கிறேன்.

கிணற்றை மறக்காதே.

மார்வா


ஹார்லன் ஃபோர்க்,
ஜனவரி 25

லைல்,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பழக் கேக் வந்தது. உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

என் வகுப்பில் நான்கு பேர் சேர்ந்தார்கள். பத்துப் பேர் இல்லாத விருப்பப் பாடத்தை நடத்தக்கூடாது என்பது விதி. முதல் நாளே ரத்து. நடத்தப் பாடமில்லாத ஆளுக்கு வேலை எதற்கு? மே மாதத்தோடு என் ஒப்பந்தமும் முடிகிறது. சோதனைக்கூட அலமாரியைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பாட்டில்களெல்லாம் உள்ளே கவிழ்ந்து கிடக்கின்றன.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். நேற்று ஆட்சிக்குழுக் கூட்டத்தை நேரலையில் காட்டினார்கள். பரிசீலனைப் பிரிவின் தலைவர் அறிக்கை வாசித்தார். ஒரு பாடத்தைக்கூட நாங்கள் நீக்கவில்லை, நாற்பத்தொரு பாடங்களை ஆசிரியர்களே மனமுவந்து விலக்கிக்கொண்டார்கள் என்றார். ஸ்டோவால் தலையை ஆட்டிப் பாராட்டினார். வாசித்தவர் நான் வாங்கிக் கொடுத்த பச்சை டையைக் கட்டியிருந்தார்.

கட்டடப் பிரிவு என்றாயே!

அப்புறம் எங்கள் பல்கலைக்கழகத்தின் வடக்குக் கிளையில் இருக்கும் ஒரு சிநேகிதியைக் கூப்பிட்டேன். அவளும் தன் பாடத்தை விலக்கிக்கொண்டவள்தான். "ஆட்சிக்குழு ஆபீஸ்லருந்து ஒருத்தர் போன் பண்ணாரு மார்வா. ரொம்ப அக்கறையாப் பேசினாரு. வெயில்ல நிக்காதீங்க, நிழலுக்கு வந்துருங்கன்னாரு" என்றாள்.

நாற்பத்தொரு பேருக்கும் அதே வாக்கியமா, லைல்?

மார்வா


தலைநகர்,
பிப்ரவரி 4

அன்புள்ள அக்கா,

உடம்பைப் பார்த்துக்கொள். பத்துத் தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை.

ஆகஸ்டில் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் இல்லாவிட்டால் வேறொருவன் உட்கார்ந்திருப்பான், அவன் உன் பெயரைச் சிவப்பு மையில் எழுதியிருப்பான். முதல் கூட்டத்திலேயே ஸ்டோவால் உன் பாடத்தின் பெயரைச் சொன்னார். சட்டம் பேசும்போது மற்ற எல்லாரும் வரலாறு, அரசியல் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் தண்ணீர் என்றார். நிராகரிப்பு என்று போயிருந்தால் உன்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பார்கள். விலகல் என்று எழுதியதால் விட்டார்கள். உன்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன்.

மற்றவர்களுக்கும் அப்படித்தான் நினைத்தேன். முதல் ஐந்தாறு பேர் வரைக்கும். அதற்குப் பிறகு அது பழகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பத்துப் பேர் விதி எனக்கு நினைவுக்கு வரவில்லை, நம்பு.

டெசா போன வாரம் வீட்டுக்குக் குடிவந்துவிட்டாள். கிணற்றுக்கு ஆள் அனுப்பினேன். பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டிருக்கிறான். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார், நானே ரெண்டு கிளாஸ் குடிச்சேன்" என்றான்.

போனை எடு அக்கா.

லைல்


ஹார்லன் ஃபோர்க்,
மார்ச் 2

லைல்,

சம்பளத்தோடு விடுப்பு என்று என்னை இப்போதே அனுப்பிவிட்டார்கள். எல்லைக்கு அப்பால், பக்கத்து மாநிலத்தில், ஒரு உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. நாளை கிளம்புகிறேன். முகவரியை அஞ்சலகத்தில் கொடுத்திருக்கிறேன், பில்கள் வருவதற்காக. நீ எழுத வேண்டாம். உன் எண்ணையும் தடுத்து வைத்துவிட்டேன்.

டெசாவிடம் என் அன்பைச் சொல். அவளிடம் பேசினால் உன்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவேன், பிள்ளைத்தாய்ச்சியிடம் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. அதனால்தான் போய்ப் பார்க்கவில்லை.

நைட்ரேட்டுக்கு நிறமில்லாததால்தான் பட்டை வேண்டியிருக்கிறது. கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீரைத்தான் சோதிக்கணும். ஒரு குப்பியில் பிடித்துத் தலைநகரில் ஏதாவது தனியார் கூடத்தில் கொடு. இதையாவது ஒழுங்காகச் செய்.

மார்வா


தலைநகர்,
ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

நீ எழுத வேண்டாம் என்றாய். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. பையன் பிறந்துவிட்டான்! ஓவன் என்று பெயர். ஏழு பவுண்டு. நம் அப்பாவின் அதே முன்கோபக்கார மூக்கு. டெசாவுக்குப் பால் சரியாக வரவில்லை, புட்டிப்பால்தான். பீக்கன் மரம் துளிர்த்திருக்கிறது.

குப்பியில் தண்ணீர் பிடித்து அனுப்பச் சொல்லி டெசாவிடம் சொல்லியிருக்கிறேன். பிரசவ அலைச்சலில் மறந்திருப்பாள். அடுத்த வாரம் நினைவுபடுத்துகிறேன்.

பேக்கன் இல்லாத வாழ்த்துகளுடன்,
லைல்


தலைநகர்,
மே 7

அன்புள்ள அக்கா,

நலம்தானே? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நியாயம்தான்.

சட்டமன்றம் கூடியிருப்பதால் நான் இன்னும் ஓவனை நேரில் பார்க்கவில்லை. டெசா படம் அனுப்புகிறாள். கொஞ்சம் மந்தமாக இருக்கிறானாம், பால் குடிக்கும்போதே களைத்துத் தூங்கிவிடுகிறானாம். நகமும் உதடும் லேசாக நீலம் பாய்ந்த மாதிரி இருக்கிறது. வடகாற்று இன்னும் விடவில்லை, வீட்டில் ஹீட்டரும் பழசு. கம்பளி வாங்கக் காசு அனுப்பியிருக்கிறேன்.

அவள் வெகு ஜாக்கிரதைக்காரி, உன்னை மாதிரி. "தண்ணிய கால் மணி நேரம் கொதிக்க வெச்சுதான்ப்பா பால் கரைக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனாலும் எதையோ மறந்துவிட்ட மாதிரியே இருக்கிறது. பரிசீலனை வேலையில் என் மூளை மழுங்கிவிட்டது.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

லைல்


நம் வீடு,
மே 30

லைல்,

நலம் கேட்க நேரமில்லை.

உன் இரண்டு கடிதங்களையும் நான் பிரிக்கவே இல்லை. உன் கையெழுத்தைப் பார்த்ததும் அலமாரியில் வீசினேன். இன்று காலை மின்சார பில்லைத் தேடும்போது கையில் அகப்பட்டது. 'கொதிக்க வெச்சுதான்' என்ற வரிக்குமேல் நான் படிக்கவில்லை. டெசாவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. உன் எண்ணைத் திறந்து கூப்பிட்டேன், நீ கூட்டத்தில் இருக்கிறாய் என்று ஒரு பெண் சொன்னாள். காரை எடுத்து வந்துவிட்டேன்.

வீடு திறந்து கிடக்கிறது. அடுப்பில் கெட்டில் இன்னும் சூடாக இருக்கிறது. பாதி குடித்த புட்டி மேஜைமேல் இருக்கிறது. எதிர்வீட்டு கெஸ்லர் அம்மாதான் ஓடிவந்து சொன்னாள், "பாப்பா கருத்துப்போச்சும்மா, இப்பதான் ட்ரக்குல தூக்கிட்டு ஓடினாங்க." ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டேன். மூச்சு இருக்கிறது என்றார். அதற்குமேல் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல முடியாது என்றார். நான் அங்கேதான் போகிறேன். நீ நேரே இங்கே வந்தால் பார்ப்பதற்காக இதைக் குழாயில் கட்டிவிட்டுப் போகிறேன்.

என் பையின் அடியில் ஒரே ஒரு பழைய பட்டை இன்று அகப்பட்டது. முக்கிப் பார்த்தேன். கெஸ்லர் வீட்டுப் பட்டைகூட இவ்வளவு சிவக்கவில்லை. நீ சோதிக்கவில்லை. நான் கடிதத்தைப் பிரிக்கவில்லை. நாம் இருவரும் சேர்ந்துதான் அந்தக் குழந்தைக்கு இதைக் கரைத்துக் கொடுத்திருக்கிறோம்.

போகிற வழியில் இந்தச் சாலையில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லத்தான் ஆசை. நிற்க நேரமில்லை. கெஸ்லர் அம்மா தன்னால் முடிந்த வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். சாலைக் கோடியில் இருக்கும் டன்லப் வீட்டுக் கொடியில் சின்னச் சின்னச் சட்டையாகக் காய்கிறது, அவர்களும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அவர்களுடைய மூத்த பையன் இந்த ஜனவரியில்தான் கல்லூரியில் சேர்ந்தான். என் வகுப்பு அவனுக்குக் கட்டாயமில்லை.

நீ வந்ததும் முதலில் டன்லப் வீட்டுக்குப் போ.

மார்வா